கவர் பிரிக்காத ஸ்டூல்

ஆம்பூர் அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மறந்துவிடவில்லை. அவள் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். இந்தப் பக்கத்து முதலாளிகள் ஒருவருக்கொருவர் போன் போட்டுப் பேசிக்கொள்கிறவர்கள். ஆம்பூரில் அக்காக்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், முடிந்தால் தேடிக்கொள்ளட்டும்.

அவளுக்கு நடிக்க வராது. நல்லதோ கெட்டதோ, அவளைப் பற்றி நான் சொல்லப்போவது எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வந்ததுதான்.

நடிக்க வராதவள் போய்ச் சேர்ந்த இடம் வேலூரில் ஒரு பெரிய துணிக்கடை. ஆறு மாடி. பெயரைச் சொன்னால் உங்களுக்கே விளம்பரப் பாட்டு காதில் கேட்கும், அதனால் அதையும் விட்டுவிடுகிறேன். விளம்பரத்தில் ஒரு குடும்பமே பட்டுக் கட்டிக்கொண்டு சிரிக்கும். அந்தப் பட்டை எடுத்துப் பிரித்துக் காட்டி மடித்து வைக்கிற நாங்கள் மூன்றாவது மாடியில் இருபத்து மூன்று பேர். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி கடை மூடுகிற வரைக்கும் நிற்க வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், அதில் பத்து நிமிஷம் மாடிப்படி ஏறி இறங்கவே போய்விடும். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். கக்கூஸ் மொட்டைமாடியில். போகிறதென்றால் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். அதனாலேயே நாங்கள் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டோம். ஏசி ஓடுகிற இடத்தில் இருபத்து மூன்று பெண்கள் நாக்கு வறண்டு நின்றுகொண்டு, வருகிறவர்களிடம் "ஜூஸ் சாப்பிடறீங்களாம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்போம்.

எங்கள் பேட்ஜில் பெயர் கிடையாது, நம்பர்தான். அக்காவுக்கு நம்பர் சொல்லிக் கூப்பிடப் பிடிக்காது. அவரவர் ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். "ஏ சோளிங்கர், அந்த மாம்பழக் கலர எடு." "ஏ காவேரிப்பாக்கம், இன்னா பராக்குப் பாக்கற?" காவேரிப்பாக்கம் நான்தான். பிறந்தது அங்கே, கட்டிக்கொடுத்தது வாலாஜாவில். அவள் ஊரை வைத்து நாங்கள் அவளை ஆம்பூர் அக்கா என்றோம்.

ஆம்பூரில் அவள் ஷூ கம்பெனியில் பதிமூன்று வருஷம் மேல்தோல் தைத்தவள். ஏன் அதை விட்டுவிட்டு இங்கே வந்தாய் என்று கேட்டால், "அங்க உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சு. இங்க நின்னா சரியாப் போவும்னு வந்தேன். இப்ப காலும் போச்சு," என்பாள். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகப் புடைத்துச் சுருண்டு கிடக்கும். யூனிஃபார்ம் சேலைக்கு அடியில் ஆம்பிளைகள் போடுகிற நீள சாக்ஸ் போட்டுக்கொண்டு வருவாள். ஷூ கம்பெனி பழக்கம் விடாமல், கடைக்குள் வருகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் முதலில் காலைத்தான் பார்ப்பாள்.

சாயக் கூடாது என்பது கடையின் சட்டம். ஒவ்வொரு மாடியிலும் மூலைக்கு மூலை கேமரா. ஆனால் கேமராவுக்குக் கவுண்டருக்குக் கீழே தெரியாது. அதைக் கண்டுபிடித்துவைத்துக்கொண்டு நாங்கள் கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நிற்போம், இன்னொரு காலைக் கீழ்த்தட்டில் வைத்துக்கொள்வோம். முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது. அந்த வித்தை எனக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. அக்காவுக்குக் கடைசி வரைக்கும் வரவில்லை. கால் வலித்தால் அவள் எல்லாரும் பார்க்கச் சுவரில் சாய்வாள். உடனே மைக்கில் ஃப்ளோர் மேனேஜர் குரல் வரும்: "தேர்ட் ஃப்ளோர், சாயாதீங்க." அக்கா நிமிர்ந்து கேமராவைப் பார்த்து, "கால் வலிக்குது," என்பாள். கேமராவுக்குக் காது கிடையாது என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் தினமும் சாயந்திரம் நாலு மணி வாக்கில் அதை ஒருமுறை சொல்லிவிடுவாள். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்போம். எதற்குச் சிரித்தோம் என்று இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

வாடிக்கையாளர்களிடமும் அவள் அப்படித்தான். ஒருமுறை சோளிங்கர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தது. மேனேஜரே பக்கத்தில் நின்றுகொண்டு, "சுத்தமான பட்டும்மா, கண்ண மூடிக்கினு எடுங்க," என்று ஒரு அரக்குச் சேலையை விரித்தார். கல்யாணப் பெண்ணின் அம்மா அக்காவைப் பார்த்து, "நீ சொல்லும்மா, இது பட்டுதானா?" என்று கேட்டுவிட்டாள்.

அக்கா சேலையையும் பார்த்தாள், மேனேஜரையும் பார்த்தாள். "கலப்பும்மா. ஒரு நூல எடுத்துக் கொளுத்திப் பாருங்க, முடி கருகற நாத்தம் வராது. பொண்ணுக்கு முகூர்த்தத்துக்குக் கட்டறதுன்னா அந்தப் பக்கம் வாங்க, நான் எடுத்துக் காட்றேன்."

மேனேஜரின் முகம் அரக்குச் சேலையின் நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தக் குடும்பம் அன்றைக்கு அக்கா கையால் ஒன்பது சேலை எடுத்துக்கொண்டு போனது. அடுத்த மாதம் அவர்கள் சொல்லி இன்னும் இரண்டு குடும்பம் வந்து, "அந்த மொறைச்ச மூஞ்சி அம்மா எங்க?" என்று கேட்டார்கள். அவளை வேலையை விட்டு எடுக்காமல் வைத்திருந்ததற்கு அந்த மூஞ்சிதான் காரணம்.

எடுக்கத்தான் முடியவில்லையே தவிர, தண்டனை கொடுக்க முடிந்தது. வணக்கம் டியூட்டி போட்டார்கள். வாசலில் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் கைகூப்பிக்கொண்டு நாள் முழுக்க நின்று வருகிறவர்களை எல்லாம் சிரித்து வரவேற்க வேண்டும். கதவு திறக்கும்போதெல்லாம் வேலூர் வெயில் முகத்தில் அடிக்கும், மூடினால் ஏசி முதுகில் அடிக்கும். அக்கா கையைக் கூப்பினாள். சிரிப்புதான் வரவில்லை. வந்தவர்களிடம், "வாங்க. மேல கூட்டம் ஜாஸ்தி, கைக்கொழந்தைய வச்சிக்கினு இப்ப போவாதீங்க, மூணு மணிக்கு மேல வாங்க," என்று யோசனை சொன்னாள். இரண்டே நாளில் அவளை மறுபடியும் மேலே அனுப்பிவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. செல்போனில் செய்தி பார்த்துவிட்டு நாங்கள் பஸ்ஸில் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தோம். நிஜமாகவே ஸ்டூல்களும் வந்து இறங்கின. உயரமான ஸ்டூல், மெத்தை வைத்தது, பாலிதீன் கவர் சுற்றியது. ஒரு மணி நேரம் கவுண்டர் பக்கத்தில் வரிசையாக வைத்துப் போட்டோ எடுத்தார்கள். போட்டோ எடுத்து முடிந்ததும் குடோனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கவரைக்கூடப் பிரிக்கவில்லை.

அடுத்த வருஷம் ஆடித் தள்ளுபடி சமயத்தில் நான் ஐந்து மாதம். கடையில் யாருக்கும் சொல்லவில்லை. வயிறு தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அனுப்பியவர்களைத் திரும்ப எடுத்ததாகச் சரித்திரம் கிடையாது. என் வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டையில் லாரியில் லோடு ஏற்றுகிற வேலை, மாதத்தில் பாதி நாள்தான் இருக்கும். அதனால் யூனிஃபார்ம் சேலையின் கொசுவத்தைத் தூக்கிக் கட்டி மறைத்துக்கொண்டு நின்றேன். மறைக்கிறதில் நான் கெட்டிக்காரி என்றுதான் சொன்னேனே.

ஆடி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. உள்ளே கால் வைக்க இடமில்லை. நாலு மணிக்கு என் கையிலிருந்த சேலை தானாக நழுவியது தெரிந்தது, அதற்கு மேல் தெரியவில்லை. கண் விழித்தபோது கவுண்டருக்குப் பின்னால் தரையில் கிடந்தேன். என் தலை அக்காவின் மடியில் இருந்தது. மேனேஜர் மேலே நின்றுகொண்டு, "இன்னா இதுக்கு? காலைல சாப்டலியா?" என்று கேட்டார்.

"சாப்புடல சார்" என்று அக்கா சொல்லியிருக்கலாம். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அக்கா, "மாசமா இருக்குது சார். அஞ்சு மாசம் இருக்கும்," என்றாள்.

நான் அவளிடம் சொன்னதே இல்லை. தண்ணீர் குடிக்காதவள் ஒளிந்து ஒளிந்து குடிப்பதைப் பார்த்து அவளாகத் தெரிந்துகொண்டது. அன்றைக்கே மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, ஆடி முடிந்ததும் நின்றுகொள் என்றார். மாடிப்படியில் அக்காவைப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். "உன்ன யாரு கேட்டா? உன் வாய வச்சிக்கினு சும்மா இருக்கத் தெரியாதா? என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே!"

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "கேட்டான், வந்துடுச்சு. எனக்கு வேற சொல்ல வராது," என்றாள். பிறகு, "நான் பாத்துக்கறேன்," என்றாள்.

மறுநாள் காலையில் மேனேஜரிடம் போய் லீவு கேட்டாள். ஆடியில் லீவே கிடையாது, எதற்கு என்று அவர் கேட்டார். ஜுரம் என்று சொல்லலாம், மாமியார் செத்துவிட்டாள் என்று சொல்லலாம். நாங்கள் அந்தக் கடையில் எத்தனை மாமியார்களைச் சாகடித்திருக்கிறோம். அக்கா, "லேபர் ஆபீசுக்குப் போவணும் சார். மாசமா இருக்கற பொண்ண நிக்க வக்கிறீங்க, உக்கார விடலன்னு எழுதிக் குடுக்கணும்," என்றாள்.

சத்தியமாக அப்படித்தான் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மேனேஜர் தமாஷ் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, "போய்ட்டு வா," என்றார். அவள் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். தமாஷ் இல்லை என்று அவருக்குச் சாயந்திரம்தான் உறைத்தது. அன்றைக்கே குடோனிலிருந்து ஸ்டூல்கள் மேலே வந்து, ட்ரையல் ரூமுக்குப் பின்னால் தயாராக அடுக்கப்பட்டன.

என்னை மட்டும் மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார். அன்றைக்குக் குரலில் தேன் ஒழுகியது. "நீ ஒம்பது மாசம் வரைக்கும் வேலைக்கு வாம்மா. கொழந்த பொறந்தப்புறம் திரும்பவும் எடுத்துக்கறேன், முதலாளிகிட்ட பேசிட்டேன். ஆனா எவனாச்சும் வந்து கேட்டா இன்னா சொல்லணும்னு உனக்கே தெரியுமில்ல?"

எனக்குத் தெரிந்தது. தலையை ஆட்டினேன்.

அந்த வாரமே ஆபீஸர் வந்தார். கீழே அவர் கால் வைத்ததும் மேலே போன் வந்தது. ஒரே நிமிஷத்தில் ஸ்டூல்களைப் போட்டு எல்லாரையும் உட்காரச் சொன்னார்கள். ஏறி உட்கார்ந்தோம். அந்த மாடியில் நாங்கள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பாலிதீன் கவர் மொறுமொறுவென்று சத்தம் போட்டது. கால் தரையில் படாமல் தொங்கியது, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. லிஃப்ட் மணி அடித்துக் கதவு திறந்ததுதான் தாமதம், இருபத்திரண்டு பேரும் ஒன்றாக எழுந்து நின்று, "வாங்க சார், வணக்கம்," என்றோம்.

பழக்கம். லிஃப்ட் திறந்தால் எழுந்து நிற்கிற உடம்பு அது. ஆனால் அதற்கு முன்னால் நாங்கள் உட்கார்ந்திருந்ததே கிடையாது, அதனால் இப்படி ஆகும் என்று மேனேஜருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. அவர் பின்னால் நின்றுகொண்டு பல்லைக் கடித்துக் கையைக் கீழே கீழே காட்டினார். மறுபடியும் எல்லாரும் உட்கார்ந்தோம். மறுபடியும் மொறுமொறு சத்தம்.

அக்கா மட்டும் உட்காரவில்லை. முதல் தடவையும் உட்காரவில்லை, இரண்டாம் தடவையும் உட்காரவில்லை. அவள் ஸ்டூல் பக்கத்தில் சும்மா இருந்தது.

ஆபீஸர் அவளிடம், "நீங்க ஏம்மா நிக்கிறீங்க? உட்காருங்க," என்றார்.

"வேணாம் சார். தினமும் இப்பிடித்தான் நிக்கறோம். இன்னிக்கி நீங்க வருவீங்கன்னு இதெல்லாம் கொண்டாந்து போட்டாங்க. நான் உக்காந்தா நீங்க தப்பா எழுதிக்குவீங்க."

நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கையிலிருந்த மனுவைப் பார்த்துவிட்டு, மாசமாக இருக்கிற பெண் யார் என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "பயப்படாம சொல்லும்மா. உன்ன உட்கார விடறாங்களா?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை, கண்ணைக் காட்டவில்லை. நான் என்ன சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். எனக்கு வயிற்றுப்பிள்ளை ஞாபகம் வந்தது, வேலை ஞாபகம் வந்தது. பொய் சொல்வானேன், அவள் என்னைக் காட்டிக்கொடுத்த கோபமும் உள்ளுக்குள் இருந்தது.

"விடறாங்க சார்," என்றேன். "டெய்லி உக்காருவோம். அந்த அக்காவுக்கும் மேனேஜருக்கும் ஆவாது, அதான் இப்பிடி எழுதிக் குடுத்திருக்குது."

கடைசி வரியை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நானாகச் சொன்னது.

நான் சொன்னதை ஒரு தாளில் எழுதி, அதில் இருபத்திரண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் போனார். லிஃப்ட் கதவு மூடியதும் மேனேஜர் நேரே என்னிடம்தான் வந்தார். "எழுந்திரு," என்றார். எழுந்தேன். என் ஸ்டூலைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஐந்து மாதப் பிள்ளையோடு நான் உட்கார்ந்த மொத்த நேரம் ஒரு இருபது நிமிஷம் இருக்கும்.

அக்காவை அடுத்த வாரம் தெற்கே எங்கேயோ தூரத்துக் கிளைக்கு மாற்றினார்கள். அங்கே போகிறவள் ராத்திரி எந்த ஆம்பூருக்குத் திரும்பி வருவாள்? அவள் போகவில்லை. அவளாகவே வேலையை விட்டு நின்றுவிட்டாள் என்று தாளில் எழுதிக்கொண்டார்கள். ஒரு பெண்ணை வெளியே தள்ளிவிட்டு, அவளே நடந்து போனாள் என்று எழுதுகிற அளவுக்கு அந்தக் கடையில் படித்தவர்கள் இருந்தார்கள். போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள், என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

ஆடி முடிந்த மறுநாள் என்னையும் நிறுத்திவிட்டார்கள். ஒன்பது மாதம் என்று சொன்னீர்களே சார் என்று கேட்டதற்கு மேனேஜர் போனைப் பார்த்துக்கொண்டே, "மேலிடத்துல ஒத்துக்கலம்மா," என்றார். மாசமாக இருக்கிறவளை நிறுத்தக் கூடாது, சம்பளத்தோடு லீவு தர வேண்டும் என்று ஒரு சட்டம் இருப்பதே எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் தெரிந்தது. அந்த மேனேஜருக்கு முன்னாலேயே தெரியும். என் வயிறு எரிகிறது என்று சொன்னால் அது வெறும் பேச்சில்லை.

பெண் குழந்தை. இப்போது எல்கேஜி போகிறாள். போன மாதம் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு ஆம்பூர் போனேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் சிமெண்ட் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். முடி நரைத்திருந்தது, அதே நீள சாக்ஸ். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் செருப்பைத்தான் பார்த்தாள். என் மகள் யாரையும் கேட்காமல் போய் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, என்னத் தெரியுதா?"

"தெரியாம இன்னா? காவேரிப்பாக்கம்." குழந்தையைப் பார்த்தாள். "இதுதானா அது?"

"இதுதான்க்கா." அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. "அன்னிக்கு நான் சொன்னதுக்கு என்ன மன்னிச்சிட்டியாக்கா?"

"இல்ல."

யோசிக்கக்கூட இல்லை.

"மன்னிச்சிட்டேன்னு சொன்னா பொய்யா இருக்கும்," என்றாள். அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "உக்காரு. பஸ்சு வர லேட்டாவும்."

உட்கார்ந்தேன். மறுபடியும் ஷூ கம்பெனியில் சேர்ந்திருக்கிறாளாம், பேக்கிங்கில். நின்றுகொண்டுதான் வேலை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கடையில இப்ப உக்கார விடறாங்களா?" என்று கேட்டாள்.

"தீபாவளிக்குப் போயிருந்தேன்க்கா. எல்லாம் நின்னுக்கினுதான் இருந்துச்சுங்க. ஸ்டூலு மூலைல அடுக்கி வச்சிருந்தாங்க."

"கவரோடவா?"

"கவரோட."

அக்காவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. என் மேல் அவளுக்கு இருந்ததைவிடப் பெரிய கோபம். "அப்ப எங்கிட்ட இன்னாத்துக்கு மன்னிப்பு கேட்டுக்கினு இருக்கற? நான் இன்னா பண்றது அத வச்சிக்கினு? நீ சொன்னது அங்க அந்தக் காயிதத்துல இருக்குது. அத வச்சிக்கினுதான் இன்னிக்கும் அதுங்கள நிக்க வக்கிறான். போய் அங்க மாத்திச் சொல்லு."

பஸ் வந்தது. அக்கா ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டாள். குழந்தைக்குக் கையை ஆட்டினாள்.

திங்கட்கிழமை லேபர் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க் விவரம் கேட்டு, ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அது பழைய ஃபைல்மா, முடிச்சாச்சு. அதுல மாசமா இருந்த பொண்ணே டெய்லி உக்காருவோம்னு சொல்லியிருக்குதே?" என்றார்.

"அது நான்தான் சார். அது பொய்."

அவர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்து, "அப்ப புதுசா எழுதிக் குடுங்க. பயமா இருந்தா பேர் போடாம குடுங்க, பரவால்ல," என்றார்.

இரண்டு பக்கம் எழுதினேன். ஸ்டூல், கவர், லிஃப்ட் மணி, இருபது நிமிஷம், எல்லாவற்றையும் எழுதினேன். அக்காவின் பெயரை அதிலும் எங்கேயும் எழுதவில்லை. கீழே என் பெயரை, அப்பா பெயரோடும் வீட்டு விலாசத்தோடும், முழுதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.